பத்மநாபபுரம் அரண்மனை: முக்கால் மணி நேரத்தில் முடிக்கக் கூடாத இடம்

கன்னியாகுமரிச் சுற்றுலாவில் பத்மநாபபுரம் அரண்மனைக்கு வழக்கமாகக் கிடைப்பது முக்கால் மணி நேரம். காலையில் சூரிய உதயம், அடுத்து விவேகானந்தர் பாறை, சுசீந்திரம், போகிற வழியில் அரண்மனை, மதியச் சாப்பாட்டுக்குத் திருவனந்தபுரம் என்று வேன்காரர்கள் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் வருகிறவர்களுக்கு "பெரிய மரவீடு, கருப்புத் தரை, உள்ளே ஜில்லென்று இருந்தது" என்பதற்கு மேல் எதுவும் மிஞ்சுவதில்லை. காரணம் எளிது. இந்த அரண்மனையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பொருட்கள் குறைவு. தங்கச் சிம்மாசனமோ வைரக் கிரீடமோ எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். பார்க்க வேண்டியது கட்டடத்தை. காலடித் தரை, தலைக்கு மேலிருக்கும் கூரை, ஓர் அறைக்கு அடுத்து எந்த அறை வருகிறது என்ற வரிசை, இந்த மூன்றையும் கவனித்தால் ஒரு பழைய தலைநகர் எப்படி நடந்தது என்பது ஒரே சுற்றில் விளங்கிவிடும். அதற்குக் குறைந்தது இரண்டரை மணி நேரம் வேண்டும். மூன்று மணி நேரம் ஒதுக்கினால் திருப்தியாக இருக்கும்.

இடம் தக்கலை. நாகர்கோவிலிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர், கன்னியாகுமரியிலிருந்து 35, திருவனந்தபுரத்திலிருந்து 50-க்குச் சற்று மேல். நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையத்தில் மார்த்தாண்டம், களியக்காவிளை, திருவனந்தபுரம் செல்லும் எந்த வண்டியில் ஏறினாலும் தக்கலையில் இறங்கலாம். அங்கிருந்து அரண்மனை இரண்டு கிலோமீட்டர். ஆட்டோ கிடைக்கும், வெயில் இல்லாவிட்டால் நடந்தும் போகலாம். ரயிலில் வருகிறவர்களுக்குப் பக்கத்து நிலையம் இரணியல். ஆனால் எல்லா ரயிலும் அங்கே நிற்காது. நாகர்கோவிலில் இறங்கிப் பேருந்து பிடிப்பதே சுலபம்.

திங்கட்கிழமை விடுமுறை. இதைத் தெரியாமல் வந்து கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் ஏராளம். மற்ற நாட்களில் காலை 9 முதல் 1 வரை, பிற்பகல் 2 முதல் 4.30 வரை. நடுவில் ஒரு மணி நேர இடைவெளி இருப்பதால் 12 மணிக்குப் பிறகு உள்ளே போகிறவர்களின் சுற்று தானாகவே அவசரச் சுற்றாகிவிடும். 9 மணிக்கு முதல் ஆளாக நுழைவது எல்லா வகையிலும் நல்லது. கூட்டம் இருக்காது, ஊழியர்கள் நிதானமாக விளக்குவார்கள், முற்றத்துத் தரையும் சுடாது. தரை சுடுவது முக்கியமான விஷயம், ஏனென்றால் செருப்பை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். வெயில் காலத்தில் உச்சிவேளையில் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குத் திறந்தவெளியில் வெறுங்காலோடு போவது குழந்தைகளுக்குக் கஷ்டம். அதற்காகக் காலுறை போட்டுக்கொள்ள வேண்டாம். மெருகேற்றிய தரையிலும் மரப்படியிலும் வழுக்கும்.

கேமராவுக்குத் தனிக் கட்டணம் உண்டு. படம் எடுக்கும் விதி அவ்வப்போது மாறுவதால் டிக்கெட் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் சபரிமலை போய்த் திரும்பும் பக்தர்களும் பள்ளிச் சுற்றுலாக்களும் ஒன்றாக வந்து சேரும். அந்த மாதங்களில் வார இறுதியைத் தவிர்ப்பது நல்லது.

இனி ஊரின் கதை. சுருக்கமாகவாவது இது தெரிந்திருந்தால்தான் உள்ளே பார்ப்பதற்குப் பொருள் இருக்கும்.

இந்தப் பகுதியை ஆண்ட வேணாட்டு அரசர்கள் இதற்கு முன் இருந்தது பக்கத்திலுள்ள திருவிதாங்கோட்டில். பின்னாளில் நாட்டுக்கே அந்தப் பெயர்தான், திருவிதாங்கூர் என்று, வந்தது. அங்கிருந்து அரசிருக்கை கல்குளத்துக்கு நகர்ந்தது. இன்றும் தாலுகாவின் பெயர் கல்குளம்தான். அரண்மனையில் மிகப் பழைய பகுதியான தாய்க்கொட்டாரம் 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1601-ஐ ஒட்டி இரவிவர்ம குலசேகரப் பெருமாள் அரண்மனையை விரிவாகக் கட்டினார் என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரலாறு. 1729-இல் பட்டத்துக்கு வந்த மார்த்தாண்ட வர்மா எட்டுவீட்டுப் பிள்ளைமார் என்ற பிரபுக்களை ஒடுக்கி, வடக்கே இருந்த சிறு நாடுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு, மிளகு வணிகத்தை அரசின் கைக்குக் கொண்டுவந்தார். மிளகுக்காகச் சண்டைக்கு வந்த டச்சுக் கம்பெனிப் படையை 1741-இல் குளச்சலில் தோற்கடித்தார். 1750-இல் நாட்டையே திருவனந்தபுரத்து அனந்த பத்மநாபசுவாமிக்குத் திருப்படித்தானமாக எழுதிக்கொடுத்து, இனி அரசன் பத்மநாபதாசன் மட்டுமே என்று அறிவித்தார். கல்குளம் அரண்மனை பத்மநாபபுரம் ஆனது அவர் காலத்தில்தான். அவருக்கு அடுத்து வந்த கார்த்திகைத் திருநாள் ராமவர்மா காலத்தில், 1795-இல், தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது.

தலைநகர் போனது இந்தக் கட்டடத்துக்கு ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று. தொடர்ந்து அரசர்கள் குடியிருந்திருந்தால் 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய பாணியில் இடித்துக் கட்டியிருப்பார்கள். மைசூரிலோ தஞ்சையிலோ பார்க்கிற பெரிய வளைவுகளும் சுதைத் தூண்களும் இங்கே இல்லாததற்கு அதுவும் ஒரு காரணம். மரமும் ஓடும் சுண்ணாம்புமாக, பழைய தச்சு முறை அப்படியே நின்றுவிட்டது.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. அரண்மனை மட்டும் கேரள அரசின் உடைமையாகவே நின்றது. இன்றும் அதைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. கேட்டுக்கு வெளியே தமிழ்நாடு, உள்ளே கேரள அரசின் பொறுப்பு. ஊழியர்கள் மலையாளம் பேசுவார்கள், தமிழிலும் விளக்கம் சொல்வார்கள். 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கிறது.

உள்ளே போகலாம். வளாகம் ஆறரை ஏக்கர். அதற்கு வெளியே, சுமார் 185 ஏக்கரைச் சுற்றிக் கருங்கல் கோட்டை மதில். உங்கள் வண்டி வந்து நிற்பதே அந்தக் கோட்டைக்குள்தான். பலர் கவனிப்பதில்லை.

படிப்புரை என்ற நுழைவாயிலைத் தாண்டியதும் எதிரே பூமுகம். வெளியாட்கள் அரசனைப் பார்க்க வரும் இடம். வாசலுக்கு நேரே நின்று முதலில் கூரையின் முக்கோண முகப்பைப் பாருங்கள். முகப்பின் மரச் செதுக்கல் அழகுக்காக மட்டும் வைத்ததில்லை, கூரைக்குள் தங்கும் சூடான காற்று வெளியேறும் வழியும் அதுதான். உள்ளே நுழைந்ததும் தலையை உயர்த்துங்கள். கூரையடியில் பலகையில் செதுக்கிய தாமரை போன்ற பூக்கள் 90. ஒன்றுபோல் இன்னொன்று இல்லை என்பார்கள். அவசரத்தில் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். இதழ்களின் அடுக்கையும் நடுவில் உள்ள மொக்கையும் கவனித்தால் வேறுபாடு புரியும். நான்கைந்து பூக்களையாவது அப்படி ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு நகருங்கள்.

அங்கே தொங்கும் குதிரை விளக்கு எல்லோரும் படம் எடுக்கும் பொருள். குதிரை மேல் வீரன் அமர்ந்த பித்தளை விளக்கு. சங்கிலியை எந்தப் பக்கம் திருப்பிவிட்டாலும் அப்படியே சமநிலையில் நிற்கும்படி எடையைப் பகிர்ந்து வார்த்திருக்கிறார்கள். பக்கத்தில் ஏழு துண்டுகளாகச் செய்து பொருத்திய கருங்கல் கட்டில், சீன வணிகர்கள் அளித்ததாகச் சொல்லும் நாற்காலி, சுவரில் ஓணவில்லுகள். ஓணத்துக்கு வாழ்த்தாக அரசனுக்குக் கொடுக்கப்பட்ட, படம் தீட்டிய வில் வடிவப் பலகைகள் இவை.

பூமுகத்திலிருந்து குறுகலான, செங்குத்தான மரப்படி மேலே போகிறது. மூட்டுவலி உள்ளவர்கள் இங்கேயே முடிவெடுத்துவிட வேண்டும். இதுபோன்ற படிகள் இன்னும் பல வரும். வாசல் நிலைகள் தாழ்வானவை, உயரமானவர்கள் தலையில் இடித்துக்கொள்வது சகஜம். சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் தரைத்தளத்தில் ஒரு பகுதியை மட்டும்தான் பார்க்க முடியும். பாதை ஒருவழி. கூட்ட நாட்களில் திரும்பி வந்து விட்டதைப் பார்க்க முடியாது. முதுகுப் பை இருந்தால் வண்டியிலேயே வைத்துவிடுங்கள். இந்தப் படிகளில் ஏறும்போது பின்னால் வருபவர் முகத்தில் இடிக்கும்.

மேலே மந்திரசாலை. அமைச்சர்களோடு அரசன் ஆலோசனை நடத்திய அறை. அரண்மனையில் ஒரே ஓர் அறைதான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் பாருங்கள். கொளுத்தும் மே மாத மதியத்திலும் உள்ளே கால் வைத்தவுடன் குளிர்ச்சி தெரியும். மின்விசிறி எதுவும் காரணமில்லை. சுவர் முழுதும் மரச்சட்டங்கள், இடையிடையே சாய்வான இடைவெளிகள். உள்ளிருப்பவருக்கு வெளி தெரியும், வெளியிலிருப்பவருக்கு உள் தெரியாது, காற்று மட்டும் தடையில்லாமல் வரும். சன்னல்களில் கண்ணாடிக்குப் பதிலாக வண்ண மைக்காத் தகடுகள். வெயிலின் உக்கிரத்தைக் குறைத்து மங்கலான ஒளியை மட்டும் விடும். கூரைச் சாய்ப்பு சுவரைத் தாண்டி வெகுதூரம் கீழிறங்குவதால் வெயிலும் சாரலும் சட்டங்களை நேரடியாகத் தாக்காது. கண் இந்த மங்கலுக்குப் பழக ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். அதற்குள் "இருட்டாக இருக்கிறது" என்று நகர்ந்துவிடுகிறவர்கள் அறையைப் பார்க்காமலே போகிறார்கள். ஒரு மூலையில் நில்லுங்கள், கூட்டத்தைப் போகவிடுங்கள், பிறகு பாருங்கள்.

தரையைப் பற்றி வழிகாட்டிகள் சொல்லும் பட்டியல் இது: சுண்ணாம்பு, ஆற்று மணல், சுட்ட சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு, வெல்லநீர், செடிச் சாறுகள். கேட்டவர்கள் முட்டையை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு ஏதோ மாயம்போலப் பேசுவார்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைக் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்வார். வெல்லநீர் சேர்த்தால் சுண்ணாம்பு மெதுவாக இறுகும், அதனால் விரிசல் குறையும். வெள்ளைக்கரு பசைபோலப் பிடிப்பைக் கொடுக்கும். சிரட்டைக் கரி நிறத்துக்கு. எல்லாவற்றையும்விட முக்கியம் தேய்ப்பு. ஈரம் முழுதும் போவதற்குள் வழவழப்பான கல்லால் விடாமல் தேய்த்தால் மேற்பரப்பின் நுண்துளைகள் அடைபட்டுப் பளபளப்பு ஏறும். எவ்வளவு நேரம் தேய்த்தார்கள் என்பதுதான் தரையின் தரம். சன்னலுக்கு எதிர்ப்பக்கம் குனிந்து நின்று, வெளிச்சம் தரையில் விழும் கோணத்தில் பாருங்கள். மேலே உள்ள சட்டங்களின் நிழல் தரையில் வரிவரியாகத் தெரியும். இந்தத் தரைக்கு எதிரி மணல். செருப்பு மணலைக் கொண்டுவந்தால் மெருகு கீறிப் போகும். வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்வதற்கு இதுவே போதுமான காரணம்.

மணிமாளிகையில் உள்ள கடிகாரம் எடைகளின் இழுப்பில் ஓடுவது. உள்ளூர்க் கொல்லர்கள் செய்தது என்கிறார்கள். கீழிருந்து அண்ணாந்து பார்ப்பதோடு சரி.

அடுத்து ஊட்டுப்புரை. இரண்டு தளங்களில் நீண்ட கூடங்கள், தளத்துக்கு ஆயிரம் பேராக இரண்டாயிரம் பேர் ஒரே நேரத்தில் உண்ணலாம் என்பது சொல்லப்படும் கணக்கு. இங்கே அலங்காரம் இல்லை. தாழ்வான கூரை, நெடுநீளத் தரை, மூலையில் ஊறுகாய் வைத்த பெரிய சீனச் சாடிகள். சுற்றுலாக்காரர்கள் இரண்டு நிமிடத்தில் கடந்துவிடும் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம். உண்டவர்கள் பிராமணர்கள். அரசின் புண்ணியக் கணக்கில் எழுதப்பட்ட சோறு அது. அதற்கான நெல் விளைந்த வயலில் உழைத்தவர்கள் இந்தக் கூடத்துக்குள் நுழைய முடியாதவர்கள். அதைச் சொல்லாமல் "அன்னதானம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது பாதி வரலாறுதான்.

தாய்க்கொட்டாரம் நாலுகட்டு வீடு. நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் தாழ்வாரம். நான்கு பக்கச் சாய்ப்பிலிருந்தும் மழைநீர் முற்றத்தில் விழுந்து வடியும். முற்றத்திலிருந்து சூடான காற்று மேலேற, சுற்றுப்புற அறைகளின் வழியாகப் புதுக்காற்று உள்ளே வரும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்யும் மண் இது. சாய்ப்பு இவ்வளவு சரிவாகவும் இவ்வளவு தாழ்வாகவும் இருப்பதற்கு அந்த இரண்டு மழைகளும்தான் காரணம். இந்த வகையில் ஆனி, ஆடி மழைநாளில் வருவது ஒரு கொடுப்பினை. கூட்டமும் இராது, கூரை வேலை செய்வதையும் கண்ணால் பார்க்கலாம்.

தாய்க்கொட்டாரத்தில் உள்ள ஏகாந்த மண்டபத்தின் பலாமரத் தூண் தச்சர்களின் கைவண்ணத்துக்கு நல்ல சான்று. ஒரே மரத்தில் அடியிலிருந்து உச்சிவரை பூவேலை. செதுக்கலில் கத்தி எந்தப் பக்கம் இறங்கியது என்பதை வெளிச்சம் சரியாக இருந்தால் அடையாளம் காணலாம். தொடக்கூடாது. விரல் எண்ணெயும் வியர்வையும் பழைய மரத்தைக் கருக்கிவிடும். அண்ணாந்து கூரையையும் பாருங்கள். உத்திரத்தின் மேல் கைமரங்கள் உட்காரும் இடங்களில் இரும்பைத் தேடினால் கிடைக்காது. பொளி வெட்டிப் பொருத்தி, மர ஆணி அடித்து நிறுத்தியிருக்கிறார்கள். பின்னாளில் எதாவது ஒரு சட்டம் செல்லரித்தால் அதை மட்டும் கழற்றி மாற்ற முடியும். இருநூறு முந்நூறு வருடம் மரக்கட்டடம் நிற்பதன் ரகசியம் மரத்தின் வலிமை மட்டும் இல்லை, இப்படிக் கழற்றி மாட்ட வசதி வைத்துக் கட்டியதும்தான்.

திருவிதாங்கூர் அரசுரிமை தாய்வழி மரபு. பட்டம் மகனுக்குப் போகாது, சகோதரி மகனுக்குப் போகும். மார்த்தாண்ட வர்மாவே மாமனிடமிருந்து பட்டம் பெற்றவர். அரச குடும்பத்துப் பெண்களுக்கு இருந்த இடத்தை இந்த மரபை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் இந்த அரண்மனையின் பெண்கள் பகுதி ஏன் ஓரத்தில் ஒதுக்கப்பட்ட அந்தப்புரமாகத் தெரிவதில்லை என்பது விளங்கும்.

இப்போது உப்பரிகை மாளிகை. மார்த்தாண்ட வர்மா 1750-இல் கட்டியது, நான்கு நிலை. இங்கே வழிகாட்டியைச் சுற்றிக் கூட்டம் நெருக்கும். காரணம் மூலிகைக் கட்டில். 64 வகை மரத்துண்டுகளைச் சேர்த்துச் செய்தது, டச்சுக்காரர்கள் அளித்தது என்று சொல்வார்கள். கட்டிலின் வேலைப்பாடு அருமைதான். ஆனால் எல்லோரும் 64 மரங்களின் பெயரைக் கேட்பதிலேயே நேரத்தைச் செலவழித்துவிட்டு, அந்தக் கட்டடம் சொல்லும் பெரிய செய்தியைத் தவறவிடுகிறார்கள்.

தளங்களின் வரிசையைப் பாருங்கள். கீழே கருவூலம். அதற்கு மேல் அரசன் படுக்கும் அறை. அதற்கும் மேல் அவன் ஓய்வெடுக்கும் தளம். உச்சியில் பத்மநாபசுவாமிக்குரிய பூசை அறை, அங்கே அணையா விளக்குகள். பணம் கீழே, அதைக் காவல் காப்பதுபோல் அரசன் நடுவில், அரசனுக்கு மேல் கடவுள். நாடு என்னுடையதில்லை, பத்மநாபனுடையது, நான் தாசன் மட்டும் என்று 1750-இல் எழுதிக்கொடுத்த மனிதர், அதே ஆண்டில் அதே வாக்கியத்தை மரத்தாலும் கல்லாலும் கட்டி வைத்திருக்கிறார். அந்த அறிவிப்பில் பக்தி இருந்தது, கூர்மையான அரசியலும் இருந்தது. அரசனை எதிர்ப்பது என்றால் இனி கடவுளின் நாட்டை எதிர்ப்பது என்றாகிவிட்டது. படையெடுத்துச் சேர்த்த நாடுகளுக்கும், அடக்கி வைத்த பிரபுக்களுக்கும் அதைவிட உறுதியான பூட்டு வேறில்லை.

உச்சித்தளத்தின் நான்கு சுவர்களிலும் சுவரோவியங்கள் உள்ளன. அனந்தசயனம் முதலான காட்சிகள், காவிச் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக. பாதுகாப்புக் கருதிப் பொதுவாகப் பார்வையாளர்களை மேலே விடுவதில்லை. சரியான முடிவு. சிறிய அறையில் நாள் முழுதும் மனித மூச்சின் ஈரம் பட்டால் சுண்ணாம்புப் பூச்சு உப்பிக்கொண்டு வண்ணம் உதிரும். மேலே போகவிடவில்லையே என்று ஊழியர்களோடு வாதாட வேண்டாம்.

ஆண்டில் ஒரு நாள் இந்த மாளிகை மறுபடியும் அரசு மாளிகையாகிவிடுகிறது. நவராத்திரிக்குச் சில நாட்கள் முன்பு, அரசனின் உடைவாள் இங்கிருந்து சடங்கோடு எடுத்துக் கொடுக்கப்படும். அதை முன்வைத்து அரண்மனையின் தேவாரக்கட்டு என்ற பூசையிடத்துச் சரஸ்வதி அம்மன், வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை மூவரும் குழித்துறை, நெய்யாற்றின்கரை வழியாகத் திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாகப் போவார்கள். தலைநகராக இருந்தவரை நவராத்திரி விழா இங்கேயே நடந்தது. தலைநகர் நகர்ந்த பிறகு விழாவும் நகர்ந்தது, ஆனால் தெய்வம் ஊரை விட்டுப் போய்விடவில்லை. ஒவ்வோர் ஆண்டும் போய்த் திரும்பி வருகிறாள். கம்பர் வழிபட்ட சரஸ்வதி இவள் என்பது ஊரில் வழங்கும் நம்பிக்கை. அந்த நாளில் வந்தால் ஊர்வலத்தைப் பார்க்கலாம், அறைகளை நிதானமாகப் பார்க்க முடியாது. இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு முறை வர வேண்டும்.

அந்தப்புரத்தில் சங்கிலியில் தொங்கும் பெரிய ஊஞ்சல்களும் ஆளுயரக் கண்ணாடிகளும். அடுத்து நீண்ட நடைகளில் திருவிதாங்கூர் வரலாற்று ஓவியங்கள். குளச்சல் போருக்குப் பிறகு டச்சுத் தளபதி டி லனாய் மார்த்தாண்ட வர்மாவிடம் சரணடையும் படம் இதில் முக்கியமானது. பிற்காலத்தில் வரைந்தது, எனவே போரின் நேரடிச் சாட்சியமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அம்பாரி முகப்பு என்பது தெருவைப் பார்த்து வெளியே நீளும் மரச்சன்னல். யானை மேல் வைக்கும் அம்பாரியின் வடிவம். வீதியில் போகும் ஊர்வலத்தை அரசன் இங்கிருந்து பார்ப்பார். இந்திரவிலாசம் வெளிநாட்டு விருந்தினர்களுக்கானது, இங்கே மட்டும் நிலைகள் உயரம்.

சுற்றின் கடைசியில் வரும் நவராத்திரி மண்டபத்தைக் களைப்பில் விட்டுவிடாதீர்கள். இதுவரை பார்த்த அத்தனையும் மரம், இது முழுக்கக் கல். விஜயநகரப் பாணிச் செதுக்குத் தூண்கள், நடுவில் கண்ணாடிபோல் மெருகேற்றிய தரை. பக்கத்தில் துளைகள் இட்ட மரத்தடுப்புக்குப் பின்னால் அரச குடும்பத்துப் பெண்கள் அமர்ந்து பாட்டும் ஆட்டமும் பார்த்த அறைகள். தமிழகத்துக் கற்தச்சும் மலையாளத்து மரத்தச்சும் ஒரே வளாகத்தில் அடுத்தடுத்து நிற்பதை இங்கேதான் தெளிவாகப் பார்க்கலாம்.

முற்றத்தில் உருண்டைக் கல் ஒன்றைக் காட்டுவார்கள். 38 கிலோ. அதைத் தலைக்கு மேல் நூறு முறை தூக்கினால்தான் படையில் சேர்ப்பார்கள் என்பது கதை. பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும்.

தெற்குக் கொட்டாரத்தில் பழைய வீட்டு உபயோகப் பொருட்கள் வைத்திருக்கிறார்கள். பாத்திரங்கள், மரச்சாமான்கள் என்று அன்றாட வாழ்வு தெரியும் இடம். அருங்காட்சியகத்தில் கல்வெட்டுகளும் சிற்பங்களும் உண்டு. கல்வெட்டில் ஆர்வமுள்ளவர்கள் தனியே அரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் பத்து நிமிடத்தில் முடிக்கலாம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். அறைகளில் எழுதி வைத்த விளக்கங்கள் போதாது. பெரும்பாலும் நிற்கும் ஊழியர் வாயால் சொல்வதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கூட்டம் ஐம்பது பேரைத் தாண்டினால் பின்வரிசைக்கு எதுவும் கேட்காது. அவர்கள் சொல்வதிலும் கட்டில், கல், சுரங்கப்பாதை போன்ற வியப்புச் செய்திகளுக்கே இடம் அதிகம். தச்சு முறை, அரசு நிர்வாகம், காலவரிசை இவற்றுக்குக் குறைவு. எந்தப் பகுதி எந்த நூற்றாண்டு என்று காட்டும் எளிய வரைபடம் ஒன்று டிக்கெட்டோடு கொடுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். நடுவில் உட்கார இடம் குறைவு, வயதானவர்களுக்கு இது பெரிய சிரமம். ஊழியரிடம் நாமாகக் கேள்வி கேட்டால் நிலைமை மாறும். "இந்தத் தூண் என்ன மரம்", "இந்தப் படி எங்கே போகிறது" என்று கேளுங்கள், ஆர்வத்தோடு சொல்வார்கள்.

அரண்மனையோடு மட்டும் திரும்பிவிட வேண்டாம். கோட்டைக்குள்ளேயே நீலகண்டசுவாமி கோயில், சிவராத்திரி அன்று பக்தர்கள் "கோவிந்தா, கோபாலா" என்று கூவிக்கொண்டு ஓடும் சிவாலய ஓட்டத்தின் பன்னிரண்டு கோயில்களில் ஒன்று. ராமசுவாமி கோயிலில் ராமாயணக் காட்சிகளைச் செதுக்கிய மரப்பலகைகள் உள்ளன. அரண்மனைத் தச்சு வேலை பிடித்தவர்கள் அவசியம் பார்க்க வேண்டும். கோயில்கள் நண்பகலுக்கு முன்பே நடை சாத்தி மாலை 5 மணியளவில்தான் திறக்கும். இந்த மாவட்டத்தின் பல கோயில்களில் ஆண்கள் மேல்சட்டையைக் கழற்ற வேண்டும். ஆகவே காலை 8 மணிக்கு ஊருக்கு வந்து கோயில்களை முடித்துக்கொண்டு 9 மணிக்கு அரண்மனைக்குள் நுழைவது வசதி.

12 மணிக்கு வெளியே வந்தால் தக்கலையில் சாப்பாடு. மட்டை அரிசிச் சோறும் மீன்குழம்பும் கிடைக்கும் கடைகள் உண்டு. போகும் வழிக்கு மட்டிப்பழம் ஒரு சீப்பு வாங்கிக்கொள்ளுங்கள், குமரி மாவட்டத்துக்கே உரியது.

பிற்பகலுக்கு உதயகிரிக் கோட்டை. நாகர்கோவில் சாலையில் புலியூர்க்குறிச்சியில் இருக்கிறது. பழைய கோட்டையை மார்த்தாண்ட வர்மா டி லனாயின் உதவியோடு வலுப்படுத்தி, பீரங்கி வார்க்கும் உலையும் அங்கே வைத்தார். குளச்சலில் சிறைப்பட்ட அந்த டச்சுக்காரர் திருவிதாங்கூர்ப் படைக்கு ஐரோப்பியப் பயிற்சி கொடுத்து வலிய கப்பித்தானாக, அதாவது படைத் தலைவராக, உயர்ந்து 1777-இல் இறந்தார். கோட்டைக்குள் கூரையில்லாத சிறு தேவாலயத்தில் அவரது கல்லறை. கல்லில் எழுத்து இலத்தீனிலும் தமிழிலும் இருக்கிறது. திருவிதாங்கூர் அரசுக்கும் இந்த வட்டாரத் தமிழுக்கும் இருந்த உறவுக்கு அந்தக் கல் போதுமான சான்று. அரண்மனையில் அவர் சரணடையும் ஓவியத்தைக் காலையில் பார்த்துவிட்டு மாலையில் இங்கே வருவதுதான் சரியான வரிசை. இப்போது இது வனத்துறையின் பூங்கா, மரநிழல் நிறைய, பிள்ளைகள் ஓடியாட இடமும் உண்டு. மாலையில் பூங்கா மூடுவதற்குள் வெளியேறிவிட்டால் அருகிலுள்ள குமாரகோவிலில் நடை திறக்கும் நேரம் சரியாக இருக்கும். அங்கிருந்து பிரதான சாலைக்கு வந்தால் நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் அடிக்கடி பேருந்து உண்டு.